முப்பத்தெட்டாம் நாள் சீஸ்

அத்தியாயம் 3

குற்றத்தை ஒப்புக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்திருப்பவனை வெளியே கொண்டுவரச் சொல்லும் கட்சிக்காரரைப் பட்டாபி இதுவரை பார்த்ததில்லை. தம்பானூர் ஸ்டேஷனுக்கு எதிரே லாட்ஜ் மாடியில் 'அழகியநம்பி, துப்பறியும் நிபுணர்' என்று போர்டு மாட்டி ஆறு வருஷமாகிறது; பட்டாபி அவருக்கு உதவியாளாகச் சேர்ந்தும் அத்தனை வருஷம். காணாமற்போன வைரத்தோடு, கல்யாணத்துக்கு முதல் நாள் கம்பி நீட்டிய மாப்பிள்ளை, இந்த ரகம்தான் படியேறி வரும். செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு வந்த உலகம்மை அந்த ரகமில்லை.

ஐம்பது வயசிருக்கும். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. நாற்காலியைக் காட்டியும் உட்காராமல் நின்றுகொண்டே பேசினாள்.

"எனக்க அண்ணன் செத்து நாலு நாளாகுது. எனக்க வீட்டுக்காரவிய சப்ஜெயிலிலே இருக்காவ. யாருக்காக முதல்லே அழணும்னே தெரியல்லே சார்."

விஷயம் இதுதான். அவள் புருஷன் கோலப்பன் பிள்ளை ஆரியசாலையில் பெரிய மளிகைக் கடைக்காரர். எஸ்டேட் துரைமார்களுக்கும் கிளப்புகளுக்கும் ஜாம், ஓட்ஸ், டின் வெண்ணெய் எல்லாம் அவர் கடையிலிருந்துதான் போகும். பொன்முடிப் பக்கத்து எஸ்டேட் ஒன்றில் காய்ச்சாத பாலில் செய்கிற சீஸையும் அவர்தான் விற்றார். அதற்குத் தனி லைசன்ஸ், தனி நிபந்தனை. சீஸ் செய்த நாளிலிருந்து அறுபது நாள் கழியாமல் விற்கக் கூடாது. செய்த தேதி சுற்றிய துணியில் இருக்க வேண்டும். பச்சைப் பால் என்று தெரிந்தேதான் வாங்குகிறேன் என்று வாங்குகிறவர் கையெழுத்துப் போட வேண்டும். பச்சைப் பாலில் நோய்க்கிருமி இருந்தாலும் இருக்கும், அறுபது நாள் உப்பில் கிடந்தால் செத்துப்போகும் என்பது நிபந்தனை போட்ட டாக்டர்களின் கணக்கு.

கோலப்பன் அந்த மூன்றையும் மூன்று பாஷையில் எழுதிக் கடையில் மாட்டியிருந்தார். மாட்டியது மட்டுமா? ஐம்பத்தொன்பதாம் நாள் ஒரு துரைசாணி கார் போட்டுக்கொண்டு வந்து கெஞ்சினாள். "நாளைக்கு வாருங்கோ" என்று வெறும் கையோடு திருப்பியனுப்பிவிட்டார் மனுஷன். சாலைத் தெரு முழுக்க அதைச் சொல்லிச் சிரித்தார்கள்.

அப்பேர்ப்பட்டவர் வெள்ளிக்கிழமை மத்தியானம் கடையின் பின்கட்டில் வைத்துத் தன் மைத்துனன் ராஜையனுக்கு முப்பத்தெட்டே நாளான சீஸை வெட்டிக் கொடுத்திருக்கிறார். ராஜையன் மிலிட்டரியில் இருந்து, சண்டையின்போது இத்தாலி வரை போய், அங்கே சீஸ் ருசி கண்டவர். தின்றுவிட்டுத் தங்கை வீட்டுக்கு வந்தவர் வாந்தியெடுத்துச் சுருண்டார். விளக்கு வைக்குமுன் உயிர் போய்விட்டது. டாக்டர் மிச்சமிருந்த துண்டையும் துணியில் தேதியையும் பார்த்தார். பச்சைப் பால் செய்த வேலை என்று எழுதிக் கொடுத்தார். மறுநாள் தகனமும் ஆயிற்று. போலீஸ் வந்தபோது கோலப்பன், "ஆமா, ரூலை மீறிட்டேன். மச்சான் ஆசைப்பட்டான்" என்று இரண்டு கையையும் நீட்டிவிட்டார்.

"வக்கீல் என்ன சொல்றார்?" என்றார் அழகியநம்பி.

"ஒத்துக்கிட்டா ஆறு மாசத்தோட போயிரும்ங்காரு. அவிய சர்க்கரை வியாதிக்காரவிய சார். ஆறு மாசம் ஜெயில் சோறு தின்னா பொணமாத்தான் வருவாவ. நாளைக்குப் பத்து மணிக்குக் கோர்ட்டு." உலகம்மை முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "எஸ்டேட்டுக்காரன் துணியிலே தேதியை மாத்திப் போட்டிருந்தா? அது அறுபது நாள் ஆன சீஸாவே இருந்தா? அவிய மேல குத்தமில்லேல்லா? அதைக் கண்டுபிடிச்சுத் தாருங்க. எங்களுக்குப் பிள்ளை குட்டி இல்லே. எனக்குன்னு இருந்தது ரெண்டே ஆளு. ஒராளு போயாச்சு."

"உங்க அண்ணன் அன்னைக்கு என்ன காரியமா வந்தார்?"

"எனக்கிட்டே ஒரு விஷயம் சொல்லணும்னு லெட்டர் போட்டிருந்தான். முதல்லே மாப்பிள்ளைகிட்டே ரெண்டு வார்த்தை பேசிட்டு வாறேன்னு கடைக்குப் போனான். திரும்பி வந்தவனுக்குப் பேச நாக்கு எழும்பல்லே." சட்டென்று அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "எப்பவும் இந்த சீஸைக் கேலி பண்ணுவான் சார். 'உலகு, இத்தாலிக்காரன் இதைப் பாத்தா தின்ன மாட்டான், சுவரு கெட்டுவான்'ம்பான். கேலி பண்ணிக்கிட்டே அரைக் கட்டியைத் தின்னுருவான்."

அழகியநம்பி மேல்துண்டை உதறித் தோளில் போட்டார். "ஓய் பட்டாபி, விதுரை பஸ் எத்தனை மணிக்கு?"

பஸ்ஸில் மூன்று மணி நேரம். விதுரையில் இறங்கித் தேயிலை லாரியைப் பிடித்து அதன்மேல் ஏறிக்கொண்டார்கள். கொண்டை ஊசி வளைவுகளில் லாரி திரும்பும்போதெல்லாம் பட்டாபிக்குக் குலதெய்வம் ஞாபகம் வந்தது. பயத்தை மறைக்க வாயைத் திறந்தான்.

"எனக்கு ஒண்ணு புரியலை சார். பாலைக் கெட்டுப்போக விட்டு, கெட்டது போதாதுன்னு அறுபது நாள் காத்திண்டிருந்து, அப்புறம் தெரிஞ்சுதான் வாங்கறேன்னு கையெழுத்து வேற போடறான்! எங்காத்துலே ரெண்டு நாள் மோர் மீந்தா என் ஆம்படையா வாலாம்பாள் கருவேப்பிலைச் செடிக்குக் கொட்டிடுவா. செடியும் நன்னாத்தான் இருக்கு, நானும் நன்னாத்தான் இருக்கேன்."

"உம்ம வீட்டுலே லைசன்ஸ் வேண்டாம் ஓய். வாலாம்பாள் போதும்" என்றார் அழகியநம்பி. அவருடைய கேலி அன்றைக்கு அதோடு சரி.

எஸ்டேட் பங்களாவில் துரை இல்லை, கொல்லம் போயிருந்தார். பட்லர் தங்கப்பன்தான் வந்தான். மலையாளத்தில் ஊறிய தமிழ்.

"தேதியா? தப்பாகாது சாரே. துரை சாயிப்பு தன் கையாலே துணியிலே சீல் அடிக்கும். வேற ஆரும் தொடான் பாடில்ல. ஒரு நாளைக்கு ரெண்டு சீஸ் செய்யும். ஒண்ணு கோலப்பன் முதலாளிக்கு, ஒண்ணு பங்களாவுக்கு."

தேதி சரியென்றால் முப்பத்தெட்டு முப்பத்தெட்டுதான். அந்த அம்மாளிடம் போய் எந்த முகத்தோடு சொல்வது?

"அன்னைக்குச் செஞ்ச ரெண்டுலே பங்களா சீஸ் என்னாச்சு?" என்றார் அழகியநம்பி.

"அது எப்பளே தீர்ந்து! இருபதாம் நாள் பார்ட்டி இருந்து. எட்டு பேர் தின்னு. சாயிப்புக்கு என்ன ரூல்? ரூல் எல்லாம் கடைக்கு மாத்திரமல்லோ!"

"யாருக்காவது வயித்துக்கு ஏதாவது?"

"ஒண்ணும் இல்ல சாரே. மறுநாள் வெளுப்புக்கு எட்டு பேரும் டென்னிஸ் களிச்சு. துரைசாணி சீமைக்குப் போயி, பின்னே சாயிப்புக்கு ஒரு பராதி மாத்திரம் உண்டு. சீமையிலே ரொட்டி மேல சீஸ் வச்சுச் சுட்டா உருகி ஓடுமாம். இங்கே அங்ஙனே கிடக்கும், உருகவே செய்யாது. மலைக்காத்து காரணம்னு பறயும்."

அழகியநம்பி அப்படியே நின்றார். "உருகவே உருகாதா? துரைசாணி இருந்தப்போவும் இப்படித்தானா?"

"அப்போ நல்லா உருகுமே" என்று தங்கப்பன் தலையைச் சொறிந்தான். "மலைக்காத்து அப்பளும் உண்டாயிருந்தல்லோ!"

சீஸ் அறை மாட்டுக் கொட்டிலுக்குப் பின்னால் இருந்தது. சொர்ணம்மாள் என்ற, தொழிலாளர் குடியிருப்பான லயத்துப் பெண்பிள்ளை தனியாளாக அங்கே வேலை பார்த்தாள். தொழுவத்தில் ஏழு மாடு. ஏழையும் பேர் சொல்லிக் கூப்பிடுகிறவள். பட்டணத்து ஆட்களைக் கண்டதும் எழுந்து நின்றாள்.

"ஒண்ணுமில்லேம்மா. ஒரு துண்டு சீஸ் குடு. அடுப்பு எரியுது, தோசைக்கல்லையும் போடு" என்றார் அழகியநம்பி.

பட்டாபி மூக்கைப் பிடித்துக்கொண்டு பார்த்தான். துண்டு கல்லில் விழுந்தது. சுரீரென்றது. அடி சிவந்தது, ஓரம் கருகியது. உருகத்தான் இல்லை. அழகியநம்பி கரண்டியால் அதைத் திருப்பிப் போட்டார். நாலு மூலையும் நாலு மூலையாகவே இருந்தது.

அவர் பார்வை உத்தரத்துக்குப் போனது. அங்கே பழுப்பு நிறச் சின்னக் குப்பிகள் வரிசையாக அடுக்கியிருந்தன. முப்பது, நாற்பது இருக்கும். ஒன்றில்கூட மூடி முத்திரை உடையவில்லை.

"பாலை உறைய வைக்கச் சீமையிலேயிருந்து வர்ற பொடிதானே அது? பொடி முழுக்க மேலே இருக்கு. அப்போ சீஸ் எப்படி உறையுது சொர்ணம்மா?"

அவள் தடாலென்று காலில் விழுந்தாள். பட்டாபி பதறிப்போய் இரண்டடி பின்னால் நகர்ந்தான்.

"தொரைகிட்டே சொல்லிராதீய ஐயா! லயத்தைவிட்டு இறக்கிருவாரு. தொரசானி இருந்தப்போ அந்தப் பொடியைத்தான் போட்டேன். பாலைக் காய்ச்சப்படாதும்பாவ, காய்ச்சாமத்தான் செஞ்சேன். ரெண்டு வருசத்துக்கு முந்தி அவிய சீமைக்குப் போயிட்டாவ. பொறவுதான் பட்லரு சொன்னாரு, அந்தப் பொடி கன்னுக்குட்டி வயித்துக்குள்ள இருந்து எடுக்கதுன்னு. ஐயா, நான் கறக்க மாடு அது. அதுக்க பாலுலேயே ஒரு கன்னுக்க வயித்தைப் போட எனக்குக் கை வருமா?"

"அப்புறம்?"

"எலுமிச்சம்பழந்தான். பாலைப் பொங்கப் பொங்கக் காய்ச்சி, சாறைப் பிழிஞ்சு திரிய வச்சு, உப்புப் போட்டு, துணியிலே கெட்டி, மேலே ஆட்டுக்கல்லைத் தூக்கி வச்சிருவேன். பாக்கதுக்கு ஒண்ணுபோலத்தான் இருக்கும். காய்ச்சாம எலுமிச்சை பிழிஞ்சா அது சரியா வராதுய்யா. ரெண்டு வருசமா காய்ச்சாத பாலுலே ஒண்ணுகூடச் செய்யல்லே. அதான் உருக மாட்டேங்கு. தொர மலைக்காத்துங்காரு. நான் ஆமா தொரைன்னுட்டுப் போயிருவேன்."

பட்டாபி குதிக்காத குறை. "சார்! ரூல் எதுக்கு? காய்ச்சாத பாலுக்கு! காய்ச்சின பாலுக்கு அறுபது நாளும் கிடையாது, ஆறு நாளும் கிடையாது! எட்டு பேர் தின்னுட்டு டென்னிஸ் ஆடியிருக்கா. சீஸ் மேலே தோஷமே இல்லை. கோலப்பன் பிள்ளையை நாளைக்கு மாலை போட்டு அழைச்சிண்டு வந்துடலாம்!"

"முதலாளிக்கு என்னாச்சு?" என்று சொர்ணம்மாள் எழுந்தாள். பட்டாபி சொன்னதைக் கேட்டதும் தலையிலடித்துக்கொண்டாள். "ஐயோ, நல்ல மனுசனாச்சே! நான் கோர்ட்டுலே வந்து சொல்லுதேன்யா. வேலை போனா போவுது. எனக்க பயத்துலே ஒரு குடும்பம் தெருவுலே நிக்கணுமா? அந்தத் தாயும் பச்சைப்புள்ளையும் என்ன செய்யும்?"

"எந்தப் பிள்ளை?" என்றான் பட்டாபி.

"முதலாளிக்க புள்ளைதான். மாசாமாசம் சீஸ் எடுக்க வாறப்போ விதுரையிலே அவிய வீட்டுலே தங்கிட்டுத்தானே வருவாவ? ஒரு நாளு அந்த அம்மாவையும் கைப்பிள்ளையையும் மலை பாக்கக் கூட்டிட்டு வந்தாவ. சின்ன வயசுதான், நல்ல குணம். போன மாசம்கூட மீசைக்கார மிலிட்டரிக்காரரு ஒருத்தரு வந்து அவியளைப் பத்தித்தான் விசாரிச்சாரு. முதலாளிக்குச் சொந்தம்னாரு. வீடு எங்கேன்னு கேட்டாரு, சொன்னேன்."



அந்தி சாயும் நேரத்தில் லாரி கீழே இறங்கியது. சொர்ணம்மாள் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். இவர்கள் இருவரும் பின்னால் தேயிலைப் பெட்டிகளின்மேல். காற்றில் உடம்பு நடுங்கியது.

"சொல்லும் ஓய்" என்றார் அழகியநம்பி. "சீஸ் நல்ல சீஸ். அப்போ ராஜையன் எதைச் சாப்பிட்டுச் செத்தார்?"

பட்டாபிக்குப் பதில் தெரியும். சொல்லத்தான் மனசு வரவில்லை.

"ஐம்பத்தொன்பதாம் நாள் துரைசாணிக்கே கொடுக்காத மனுஷன், மச்சானுக்கு மட்டும் இருபத்திரண்டு நாள் முந்தியே எடுத்து வெட்டினான். பிரியத்துலே செஞ்சான்னு ஊர் நம்பிச்சு, டாக்டர் நம்பினார், நாமும் நம்பினோம். அவன் ரூலை மீறலை ஓய். ரூலுக்குப் பின்னாலே போய் ஒளிஞ்சுக்கிட்டான். பச்சைப் பால் சீஸ் ஆளைக் கொல்லும்னு கடையிலே போர்டே மாட்டியிருக்கு. அது மேலே எதைத் தடவிக் கொடுத்தாலும் பழி சீஸுக்குத்தான். ஆறு மாசம் உள்ளே இருந்துட்டு வந்தாப் போச்சு, யாரும் கொலைன்னு பேச மாட்டா. ஒண்ணே ஒண்ணுதான் அவனுக்குத் தெரியாது. சொர்ணம்மா பாலைக் காய்ச்சிட்டா."

"சார், அந்த அம்மா நம்மகிட்டே வந்தது புருஷனைக் காப்பாத்தச் சொல்லி."

"தெரியும்."

"தேதி சரியாத்தான் இருக்குன்னு மட்டும் சொல்லிட்டு விட்டுடலாமே. ஆறு மாசம். அவாளும் நிம்மதியா..." பட்டாபிக்குத் தான் சொல்வது தனக்கே கேவலமாக இருந்தது. அழகியநம்பி அவனைத் திட்டவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

சொர்ணம்மாளைத் தன் வீட்டில் வாலாம்பாளிடம் ஒப்படைத்துவிட்டுப் பட்டாபி மறுநாள் எட்டு மணிக்குச் சப்ஜெயிலுக்கு வந்தபோது, உலகம்மை முன்னாலேயே அங்கே இருந்தாள். கோலப்பனிடம் தனியாகப் பேச வேண்டும் என்பது அழகியநம்பியின் எண்ணம். அது நடக்கவில்லை. வார்டர் மூன்று பேரையும் ஒன்றாகவே உள்ளே விட்டான். பத்து நிமிஷம் என்றான்.

கம்பிக்கு அந்தப் பக்கம் கோலப்பன் நின்றார். தாடி முளைத்திருந்தது. தூங்கிய முகமாகத்தான் இருந்தது.

"தேதி தப்புதானே சார்?" என்றாள் உலகம்மை. அவள் குரலில் இருந்த ஆசையைக் கேட்டுப் பட்டாபி தரையைப் பார்த்தான்.

"தேதி சரிதாம்மா. ஆனா அது பச்சைப் பால் இல்லே. காய்ச்சின பால். அதுலே செஞ்ச சீஸ் யாரையும் எதுவும் செய்யலை."

ஒரு நிமிஷம் அவளுக்குப் புரியவில்லை. புரிந்ததும் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிறுபிள்ளைபோல அழுதாள். "கேட்டியளா? காய்ச்சின பாலாம்! உங்க மேலே குத்தமே இல்லே! பத்மநாபா... நீங்க எனக்க அண்ணனைக் கொல்லல்லே, கேட்டியளா!"

கோலப்பனின் முகத்தில் ஒரு பொட்டு ரத்தமில்லை.

"ஆரு சொன்னா?" என்றார். "அது பச்சைப் பாலுதான். எனக்குத் தெரியும். வருசக்கணக்கா விக்கேன்லா."

"செய்யறவ சொல்றா. கோர்ட்டுக்கு வந்து சொல்லவும் சம்மதிச்சிருக்கா" என்றார் அழகியநம்பி.

"வேண்டாம் சார். பாவம், அவ வேலை போயிரும். நான்தான் ஒத்துக்கிட்டேனே, ஆறு மாசம் இருந்துட்டுப் போறேன். பச்சைப் பாலாவே இருக்கட்டும் சார்."

"என்ன பேசுதிய?" உலகம்மை கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். "வீட்டுக்கு வாங்கன்னு கூப்பிடுதாவ, ஜெயிலிலே இருக்கேங்கியளே?"

அழகியநம்பி தாழ்ந்த குரலில் சொன்னார். "சொர்ணம்மா விதுரை வீட்டையும் சொன்னா, பிள்ளைவாள்."

கோலப்பன் மனைவியை மறந்தே போனார். இரண்டு கையையும் கம்பிக்கு வெளியே நீட்டி அழகியநம்பியைக் கும்பிட்டார். "சார், அதுக்கு ஒண்ணரை வயசுதான் ஆகுது. நான் இல்லேன்னா அதுக்கு ஆரும் இல்லே சார். மச்சான் கேக்கமாட்டேன்னுட்டான். நான் காலைப் பிடிச்சேன், அன்னைக்கே தங்கச்சிகிட்டே சொல்லுவேன்னு நின்னான்..."

அதற்கப்புறம்தான் அவருக்குத் தான் சொன்னது உறைத்தது. வார்டர்கூடத் திரும்பிப் பார்த்தான்.

உலகம்மை அழவில்லை. புருஷனையே பார்த்தாள். ஆறு வருஷத்தில் எத்தனையோ பேர் முகம் இருண்டதைப் பட்டாபி பார்த்திருக்கிறான். இந்த முகத்தை மட்டும் அவனால் பார்க்க முடியவில்லை.

"அவன் கேட்டானா?" என்றாள் அவள். "ஆசைப்பட்டான்னு போலீஸிலே சொன்னியளே. சீஸ் வேணும்னு அவனாக் கேட்டானா, நீங்களா எடுத்து வச்சியளா?"

கோலப்பன் கையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

"டைம் ஆயி" என்றான் வார்டர், கொஞ்சம் தயங்கி.

வெளியே வெயில் ஏறியிருந்தது. உலகம்மை வாசற்படியில் நின்று முந்தானையை இழுத்துச் செருகினாள். அழகியநம்பிதான் பேசினார்.

"அம்மா, நீங்க வீட்டுக்குப் போங்க. கோர்ட்டுக்கு வர வேண்டாம். நான் பாத்துக்கிடுதேன்."

"அந்த சொர்ணம்மா எங்கே சார்?"

"எங்காத்துலே இருக்கா" என்றான் பட்டாபி.

"பத்து மணிக்கு முந்தி அவளைக் கூட்டிட்டு வந்திருங்க. பாதியிலே பயந்து மலைக்குப் போயிரப் போறா." அவள் குரல் கொஞ்சங்கூடப் பிசிறவில்லை. "சீஸிலே குத்தமில்லேன்னு நிரூபிக்கத்தானே உங்களைக் கேட்டேன். நிரூபிச்சியளே, அதைக் கோர்ட்டுலேயும் சொல்லுங்க. நானும் வந்து நிப்பேன் சார். எனக்க அண்ணனுக்குன்னு நிக்கதுக்கு வேற ஆளில்லே."